லைட் ஸ்டாண்ட் ஏன் விழுகிறது, எத்தனை கிலோ அதைப் பிடிக்கும்?

வெளியிடத்தில் படம் எடுக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “என்னுடைய ஃப்ளாஷுக்கு எத்தனை கிலோ மணல்பை போட வேண்டும்?” பதிலும் உடனே வந்துவிடும். ஒருவர் 5 கிலோ என்பார், இன்னொருவர் 10 என்பார், மூன்றாமவர் கமரா பையை நடுத்தண்டில் கொழுவிவிட்டால் போதும் என்பார். மூன்று பதிலுக்கும் முன்னாலேயே பிழை நடந்துவிட்டது. அது கேள்வியிலேயே இருக்கிறது. ஃப்ளாஷின் நிறைக்கும் அதைப் பிடித்து வைக்கத் தேவையான பாரத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பம். காற்றுப் பிடிக்கிற பரப்பு எவ்வளவு, அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கால்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன, எந்தத் திசையில் விரிந்திருக்கின்றன என்பவைதான் கிலோவைத் தீர்மானிக்கின்றன. சில நேரம் சிறிய ஃப்ளாஷுக்குப் பெரிய லைட்டைவிட அதிக பாரம் வேண்டியிருக்கும். அது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஸ்டாண்டின் பெட்டியில் “ஆகக்கூடிய சுமை 5 கிலோ” என்று எழுதியிருப்பதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த 5 கிலோ, தண்டு வளையாமலும் பூட்டு வழுக்காமலும் மேலே நிற்கக்கூடிய லைட்டின் அளவு. ஸ்டாண்ட் கவிழுமா கவிழாதா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

பஸ்ஸில் நிற்பவரின் கால்கள்

கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே போய் வருகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். சாரதி சடுதியாக பிரேக் பிடித்தால் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்பவர்தான் முதலில் முன்னால் நிற்பவர் மேல் போய் விழுவார். அவர் எவ்வளவு கனத்த ஆளாக இருந்தாலும் விழுவார். கால்களைப் பக்கவாட்டில் அகட்டி நிற்பவருக்கும் பெரிய பயன் இல்லை, தள்ளு முன்பக்கமாக அல்லவா வருகிறது. ஒரு காலை முன்னே எடுத்து வைத்திருப்பவர் அப்படியே நிற்பார். கையிலிருக்கும் சாமானைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பவர் தள்ளாடுவார், தாழப் பிடித்திருப்பவர் அவ்வளவு தள்ளாட மாட்டார்.

கால் விரிவு, தள்ளு வரும் திசையில் ஒரு கால், பாரம் தாழ இருப்பது. லைட் ஸ்டாண்டுக்கும் இவை மூன்றுதான். கிலோ இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது.

தள்ளுவதும் பிடிப்பதும்

ஸ்டாண்ட் கவிழும்போது மூன்று கால்களும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. இரண்டு கால் நுனிகள் தரையில் ஊன்றியபடி இருக்க, மூன்றாவது கால் மேலே எழும்புகிறது. ஊன்றிய இரண்டு நுனிகளையும் இணைத்துத் தரையில் ஒரு கோடு போட்டால், முழு ஸ்டாண்டும் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சுழன்று விழுகிறது. இதைக் கவிழ்கோடு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் கோட்டைச் சுற்றி இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று எதிராக நடக்கின்றன. காற்று மேலே தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கிறது. பாரம் கீழே இழுத்து நிறுத்தப் பார்க்கிறது. எது வெல்லும் என்பது விசையை மட்டும் பொறுத்ததல்ல. விசையையும் கோட்டிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் பெருக்கி வருவதுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். அந்தப் பெருக்கத்துக்குத் திருப்பம் என்று பெயர். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். புத்தகம் நியூட்டனில் சொல்லும். இங்கே எல்லாவற்றையும் கிலோவிலேயே வைத்துக்கொள்வோம், தராசு காட்டுவது கிலோதானே.

இப்போது தூரங்களைப் பாருங்கள். காற்றுக்குக் கிடைக்கும் தூரம் லைட்டின் உயரம்: சாதாரணமாக 2 மீற்றர். பாரத்துக்குக் கிடைக்கும் தூரம், நடுத்தண்டிலிருந்து கவிழ்கோடு வரை. கால் நுனி நடுவிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்றால் அந்தத் தூரமும் 50 என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 25தான். மூன்று கால்களும் சம இடைவெளியில் இருந்தால், நடுவிலிருந்து இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட கோட்டுக்கு உள்ள தூரம் எப்போதும் கால் நீட்டத்தில் சரி பாதி. ஸ்டாண்ட் கால் இருக்கும் பக்கமாக விழாமல் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள வெறும் பக்கமாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, காற்று 2 மீற்றர் நீளத் தடியால் நெம்புகிறது, உங்கள் மணல்பை கால் மீற்றர் தடியால் எதிர்க்கிறது. மேலே 1 கிலோ தள்ளினால் கீழே 8 கிலோ வேண்டும்.

இரண்டு கணக்குகள்

காற்று எவ்வளவு தள்ளும்? மணித்தியாலத்துக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தனக்கு நேரெதிரே நிற்கும் தட்டையான பொருளின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 2 கிலோ விசையுடன் தள்ளுகிறது. 18 என்பது பெரிய காற்றல்ல. இலைகளும் சின்னக் கிளைகளும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும், சிறிய கொடி விரிந்து நிற்கும், அவ்வளவுதான்.

முதலாவது ஸ்டாண்டில் பற்றரியில் வேலை செய்யும் கனமான ஸ்டூடியோ லைட், 60க்கு 90 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டின் முன்னால் மாட்டும் துணிப்பெட்டி), நல்ல தடித்த ஸ்டாண்ட், எல்லாமாக 6.5 கிலோ என்று வையுங்கள். கால் நீட்டம் 50 சென்ரிமீற்றர், சொஃப்ட்பொக்ஸின் நடு 2.2 மீற்றர் உயரத்தில். பரப்பு 0.54 சதுர மீற்றர், ஆகவே காற்றின் தள்ளு 1.1 கிலோ. திருப்பம் 1.1 × 2.2, அதாவது 2.4. இதை எதிர்க்கும் தூரம் 0.25 மீற்றர். 2.4ஐ 0.25ஆல் வகுத்தால் 9.6 கிலோ. ஏற்கெனவே 6.5 கிலோ இருக்கிறது. கூடுதலாக வேண்டியது 3 கிலோ சொச்சம்.

இரண்டாவது, எல்லோரும் “லைட் வெயிட்” என்று நம்பிக் கொண்டுபோகும் கூட்டணி: கமராவின் தலையில் மாட்டும் சின்ன ஃப்ளாஷ், வெளிச்சத்தைப் பரப்புவதற்கு 1 மீற்றர் விட்டமுள்ள குடை, மெல்லிய ஸ்டாண்ட். எல்லாமாக 2.7 கிலோ. கால் நீட்டம் 45 சென்ரிமீற்றர், உயரம் 2 மீற்றர். குடையின் பரப்பு 0.78 சதுர மீற்றர், தள்ளு 1.6 கிலோ, திருப்பம் 3.1. எதிர்க்கும் தூரம் 0.225 மீற்றர். வகுத்தால் 14 கிலோ. இருப்பது 2.7. கூடுதலாக வேண்டியது 11 கிலோவுக்கு மேல்.

சின்ன ஃப்ளாஷுக்கு மூன்று மடங்குக்கும் அதிகமான பாரம்! குடை பெரிது, கால் சிறிது, சொந்த நிறை எதுவுமில்லை. கடற்கரையில் முதலில் பறப்பது ஏன் எப்போதும் குடையாகவே இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு கணக்கும் ஸ்டாண்ட் கவிழ்வதா நிற்பதா என்று தயங்கும் எல்லைக்கோடு மட்டும்தான். அந்தக் கோட்டில் நின்று யாரும் படம் எடுப்பதில்லை. மொத்த நிறையைக் குறைந்தது ஒன்றரை மடங்காக வையுங்கள். முதலாவதுக்கு 14 முதல் 15 கிலோ மொத்தம், அதாவது 8 கிலோ பை ஒன்று. இரண்டாவதுக்கு 21 கிலோ மொத்தம், அதாவது 18 கிலோ பாரம். ஒரு சின்ன ஃப்ளாஷுக்கு 18 கிலோ சுமப்பது மடத்தனம் என்று தோன்றுகிறதல்லவா? தோன்ற வேண்டும். குடையை விட்டுவிட்டு 60 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸுக்கு மாறினால் பரப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இதுவரை: பாரத்தைத் தீர்மானிப்பது பரப்பு × சதுர மீற்றருக்குக் காற்றின் தள்ளு × உயரம் ÷ கால் நீட்டத்தில் பாதி. லைட்டின் நிறை இந்தக் கணக்கில் கழிக்கப்படும் ஒரு எண் மட்டுமே.

காற்று இரட்டித்தால் பாரம் இரட்டிக்காது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். 18இல் சதுர மீற்றருக்கு 2 கிலோ என்றால் 36இல் 8 கிலோ. மேலே பார்த்த முதலாவது ஸ்டாண்டுக்கே 36 கிலோமீற்றர் காற்றில் எல்லைக்கோடு 38 கிலோ. பாதுகாப்பு மடங்கையும் சேர்த்தால் 57. அதைக் கட்டித் தொங்கவிட்டால் ஸ்டாண்டின் கால்தான் முதலில் வளையும்.

வளிமண்டலவியல் திணைக்கள அறிவிப்பில் வரும் வேகத்தை எடுத்துக்கொள்ளும்போதும் கவனம். சராசரி 20 என்றிருக்கும் காற்றில் இடையிடையே 30க்கு ஒரு வீச்சு வந்து போகும். 30ஐ 20ஆல் வகுத்தால் ஒன்றரை, அதன் வர்க்கம் 2.25. அந்த இரண்டு விநாடிக்குத் தள்ளு இரண்டேகால் மடங்கு. ஸ்டாண்ட் விழுவதற்கு இரண்டு விநாடி தாராளம். கணக்கைச் சராசரியில் போடாதீர்கள், வீச்சில் போடுங்கள்.

கொழும்பில் இதற்கு நல்ல பாடசாலை காலிமுகத்திடல். பின்னேரங்களில் கடற்காற்று கரைக்கு வீசும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் அதுவே இன்னும் பலக்கும். பட்டங்கள் நிறைய ஏறி நிற்கிற பின்னேரம் குடைக்கு ஏற்ற பின்னேரம் அல்ல. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சூரியன் கடலில் இறங்கும்போது மாப்பிள்ளை பொம்பிளையைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தி எடுப்பதுதான் வழக்கம். அப்படியானால் லைட் அவர்களுக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி. அதாவது சொஃப்ட்பொக்ஸின் முழு முகமும் காற்றுக்கு நேரே. லைட்டை 45 பாகை பக்கத்துக்குக் கொண்டுபோனால் முகம் சரிந்துவிடும், தள்ளும் குறையும். வெளிச்சமும் அழகாக விழும், ஆகையால் இதில் நட்டம் எதுவுமில்லை. குடையின் திறந்த வாய் காற்றைப் பார்த்திருந்தால் தள்ளு இன்னும் கூடும், கம்பிகளும் மறுபுறம் புரண்டுவிடும்.

காற்று 30ஐத் தாண்டும்போது கிலோவைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு மற்ற இரண்டு எண்களில் கை வைக்க வேண்டும். உயரத்தை 2.2இலிருந்து 1.5க்கு இறக்கினால் தேவை மூன்றில் ஒரு பங்கு குறையும். சொஃப்ட்பொக்ஸைக் கழற்றி 18 சென்ரிமீற்றர் வட்ட ரிஃப்ளெக்டரை மாட்டினால் பரப்பு இருபதில் ஒரு பங்காகும். வெளிச்சம் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் லைட் நிற்கும். இரண்டும் பிடிக்காவிட்டால் ஒரு பொடியனைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்டைப் பிடிக்க வையுங்கள். ஆள் காற்று வரும் பக்கம் சாய்ந்து கொடுப்பார், மணல்பை கொடுக்காது. வெளிச்சம் திருப்புவதற்காக ரெஜிஃபோம் பலகையை ஸ்டாண்டில் கட்டி நிறுத்துவது காலிமுகத்திடலில் எந்தப் பாரத்தாலும் கைகூடாத காரியம். அதைக் கையில் பிடிப்பதே சரி.

இடிமழைக் காலமான ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் வேறொரு ஆபத்து. மழைக்கு முன்னால் சடுதியாகக் குளிர்ந்த காற்று ஒன்று அடிக்கும். அது முகத்தில் பட்டவுடன் லைட்டை இறக்கிவிட வேண்டும். மழை வரட்டும் பார்ப்போம் என்று நிற்கக்கூடாது. வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் உலோகத் தண்டுக்குப் பக்கத்தில் இடிமின்னலின்போது நிற்பது, ஸ்டாண்ட் விழுவதைவிடப் பெரிய பிரச்சினை.

பாரத்தை எங்கே வைப்பது

இருக்கிற கிலோவை இரட்டிப்பாக்கும் வழி ஒன்று உண்டு, செலவே இல்லாதது. ஒரு காலை, ஸ்டாண்ட் விழப்போகும் திசைக்கு நேராக நீட்டி வையுங்கள். பஸ்ஸில் முன்னே எடுத்து வைத்த கால் இதுதான். வெறும் பக்கமாக விழும்போது எதிர்க்கும் தூரம் கால் நீட்டத்தின் பாதி. கால் இருக்கும் பக்கமாக விழ வேண்டுமானால் அந்தக் கால் நுனியைத் தாண்ட வேண்டும், அப்போது முழு நீட்டமும் கிடைக்கிறது. அதே குடை, அதே 18 கிலோமீற்றர் காற்று, கால் மட்டும் திரும்பியிருக்கிறது: 3.1ஐ 0.45ஆல் வகுத்தால் 7 கிலோ. முன்பு 14. காலிமுகத்திடலில் இது காலி வீதிப் பக்கம் நீட்டிய காலாக இருக்கும். காற்று கொஞ்சம் திசை மாறினால் இந்த ஆதாயம் வேகமாகக் கரையும் என்பதால் இதை நம்பிக் கிலோவைக் குறைக்காதீர்கள், மேலதிகப் பாதுகாப்பாக வைத்திருங்கள். கொள்ளுப்பிட்டியின் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் மாடிகளிலும் காற்று சுழன்று வரும். அங்கே நம்பத்தக்க திசையே கிடையாது.

கால்களை எவ்வளவு விரிப்பது? கால்களையும் நடுத்தண்டையும் இணைக்கும் குறுக்குப் பட்டைகள் தரைக்குச் சமாந்தரமாக வரும்வரை. அந்த நிலையில்தான் விரிவு ஆகக்கூடியது. அதற்கு மேலும் அமுக்கினால் நடுத்தண்டின் அடி தரையில் முட்டி, கால்கள் தளர்ந்து நிற்கும். இடம் போதாது என்று கால்களைப் பாதி மட்டும் விரித்தால், வாங்கிய மணல்பையில் பாதியை வீட்டில் விட்டு வந்ததற்குச் சமம்.

பை தரையைத் தொடக்கூடாது. பலருக்கும் புரியாத இடம் இதுதான். காலின் மேல் போட்ட பை தரையில் உட்கார்ந்துவிட்டால் அதன் பாரத்தைத் தாங்குவது தரை, ஸ்டாண்ட் அல்ல. ஸ்டாண்ட் சரிந்து பட்டி இறுகும்வரை அந்தப் பை இருந்தும் இல்லாததுதான். இறுகும் நேரத்தில் மேலே லைட் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும், வேகத்தோடு வருவதை நிறுத்த இன்னும் அதிக விசை வேண்டும். பை தரைக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு உயரத்தில் கால்கள் கொண்ட சி ஸ்டாண்டில் ஆக உயர்ந்த காலில் பையைப் போடுவதும் இதற்காகத்தான்.

அதேநேரம் உயரத்திலும் போடக்கூடாது. கமரா பையை நடுத்தண்டின் இடுப்பு உயரக் குமிழில் கொழுவுவதில் இரண்டு குறை உண்டு. முதலாவது, அது ஊசலாடும். காற்று வரும்போதெல்லாம் பை ஆடி, தன் பங்குக்கும் ஸ்டாண்டை இழுக்கும். இரண்டாவது, ஈர்ப்பு மையம். ஒரு பொருளின் முழு நிறையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடிய அந்தப் புள்ளி எவ்வளவு தாழ இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாகச் சரிந்த பிறகும் ஸ்டாண்ட் திரும்பி வரும். நாம் பார்த்த 6.5 கிலோ ஸ்டாண்டின் ஈர்ப்பு மையம் 1.5 மீற்றர் உயரத்தில் இருந்தால் அது 10 பாகை சரிவதற்குள்ளேயே போய்விடும். 10 கிலோ பையைத் தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் போட்டால் மையம் 70 சென்ரிமீற்றருக்கு இறங்குகிறது, 19 பாகை வரை தாங்கும். யாரோ ஒருவர் தோளால் இடித்துவிட்டுப் போகும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம். தவிர, கமரா பைக்குள்ளிருந்து லென்ஸ் எடுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் குறைந்துகொண்டே போகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆக நடைமுறை இப்படி: ஒரே பை என்றால் நடுத்தண்டை ஒட்டி, கால் தொடங்கும் இடத்தில், இரண்டு அறைகளும் காலின் இரு பக்கமும் தொங்க. இரண்டு பை என்றால் காற்று வரும் பக்கத்துக் கால்கள் இரண்டிலும் ஒவ்வொன்று. மெல்லிய குறுக்குப் பட்டைகளின் மேல் ஒருபோதும் போடாதீர்கள், ரிவெட் ஆணி கழன்றுவிடும்.

பைக்குள் எதை நிரப்புவது

நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் அறைகள் உள்ள சேணப் பைதான் இந்தத் தொழிலில் நிலைத்தது. வெளிநாட்டுப் பைகள் 15, 25, 35 இறாத்தல் கணக்கில் வரும், அதாவது ஏறத்தாழ 7, 11, 16 கிலோ. வெறும் பையாக வாங்கி இங்கே நிரப்புவது மலிவு. தடித்த கென்வஸில் நைலோன் நூலால் இரட்டைத் தையல் போட்டு, பிடிக்குக் கார் சீற் பெல்ட் பட்டி வைத்து, பை தைக்கிறவர்களிடம் தைப்பித்துக்கொள்வதும் நல்ல வழி. பிடிதான் முதலில் அறுகிற இடம், அங்கே பெட்டியும் குறுக்குமாகத் தைக்கச் சொல்லுங்கள்.

நிரப்ப மிக எளியது காய்ந்த ஆற்று மணல். ஒரு லீற்றர் 1.6 கிலோ அளவில் இருக்கும், ஆகவே 10 கிலோவுக்கு 6 லீற்றர் இடம் போதும். மணலை ஒரு நாள் வெயிலில் பரப்பிக் காயவிட்டு, தடித்த பொலித்தீனில் 5 கிலோவாகக் கட்டி, அதை இன்னொரு பொலித்தீனில் போட்டு, டேப் சுற்றி அறைக்குள் வையுங்கள். ஈர மணலைக் கட்டினால் பை மணக்கும், ஸிப் துருப்பிடிக்கும். அறையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. இறுகிய பை காலில் படியாது, உருண்டு விழும். வெள்ளவத்தைக் கரையில் அள்ளிக்கொள்ளலாமே என்று நினைக்க வேண்டாம். கடற்கரை மணலை எடுக்க அனுமதி வேண்டும், அதிலுள்ள உப்பு ஸ்டாண்டையும் தின்றுவிடும்.

மணல் கசிவது தொல்லை என்றால் சின்னச் சல்லிக்கல். நிறை ஏறத்தாழ அதேதான், தையல் விட்டாலும் மண்டபக் கம்பளத்தில் தூள் கொட்டாது. பை சிறிதாக இருக்க வேண்டும் என்றால் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய நட், போல்ட் நிறுத்து வாங்கலாம். அதே அறைக்குள் மணலைவிட இரண்டு மடங்கு பாரம் போகும். ஈயக் குண்டுகள் இன்னும் கனம், ஆனால் நச்சு. அதைத் தொடவே வேண்டாம். அரிசி, பருப்பு நிரப்புவது வண்டுக்கு விருந்து வைப்பது.

தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோதான், இடத்தை அடைக்கும். ஆனால் போகும்போது வெறும் பை, போன இடத்தில் பாரம். ஓட்டோவில் இரண்டு ஸ்டாண்டும் லைட்டும் ஏற்றிப் போகிறவருக்கு இது பெரிய விஷயம். தண்ணீர்ப் பை இல்லாவிட்டாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும் 5 லீற்றர் போத்தல்கள் இரண்டை வாங்கி, இரண்டு பிடிகளுக்கும் ஊடாக ஒரு பட்டியைக் கட்டி, நடுத்தண்டை ஒட்டிக் காலின் இரு பக்கமும் தொங்கவிட்டால் 10 கிலோ ஆயிற்று. போத்தலின் உயரத்துக்கு இடம் வேண்டும் என்பதால் காலின் நுனிப்பக்கம் போடமுடியாது. மூடியைத் திறக்காதீர்கள், பாதி குடித்த போத்தல் குலுங்கும். வெறும் 1.5 லீற்றர் போத்தல் ஒன்றைக் கட்டிவிட்டு நிம்மதியாக நிற்பவர்களைப் பார்க்கலாம். அது 1.5 கிலோ, மேலே போட்ட கணக்கில் எந்த மூலைக்கும் போதாது.

ஜிம் தட்டுகள் கனமும் சிறிதும்தான், ஆனால் பட்டியில் உறுதியாகக் கட்டாவிட்டால் வழுக்கிக் கால் விரலில் விழும்.

சுருக்கமாக: காரில் போகிறவருக்கு மணல் அல்லது சல்லி, ஓட்டோவில் போகிறவருக்குத் தண்ணீர். 10 கிலோ பை ஒன்றைவிட 5 கிலோ பை இரண்டு நல்லது. தூக்குவதும் எளிது, பிரித்தும் போடலாம்.

பூம் கை போட்டால்

பூம் என்பது ஸ்டாண்டின் உச்சியில் குறுக்காக நீளும் கை. லைட்டை ஆளின் தலைக்கு மேல் கொண்டுபோகப் பயன்படும். இங்கே காற்று இல்லாமலே கவிழ்க்கும் திருப்பம் வந்துவிடுகிறது. ஸ்டாண்டிலிருந்து 1.5 மீற்றர் தள்ளி 2 கிலோ லைட் தொங்கினால் திருப்பம் 3. கையின் மறுமுனை 60 சென்ரிமீற்றர் என்றால் அங்கே 5 கிலோ தொங்க வேண்டும், அப்போதுதான் 0.6 × 5 = 3 என்று சமப்படும். இது கையைச் சமப்படுத்தும் பாரம் மட்டும். அடியில் போடும் பை வேறு, ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. கையும் லைட்டும் எதிர்ப்பாரமும் சேர்ந்து 8 கிலோவைத் தாண்டும் என்பதால் இப்போதுதான் பெட்டியில் எழுதியிருந்த “ஆகக்கூடிய சுமை” உண்மையில் தேவைப்படுகிறது. லைட் இருக்கும் பக்கத்துக்கு நேர் கீழே ஒரு காலை நீட்டி வையுங்கள். வெளியில், காற்றில், பூம் கை வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

தரை எப்படி

மழைக்குப் பிறகு விகாரமகாதேவிப் பூங்காவின் புல்தரையில் பாரத்தைப் போடப் போட ஒரு கால் மெல்ல மண்ணில் இறங்கும், ஸ்டாண்ட் சரியும். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு சாண் அளவு ஒட்டுப்பலகைத் துண்டு வைத்தால் இறங்காது. கடற்கரை மணலிலும் இதே பலகைதான், அல்லது கால்களை மணலுக்குள் புதைத்துவிடலாம். சரிவில் ஒரு கால் பள்ளத்தைப் பார்த்து இருக்கட்டும். நடுத்தண்டு செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள், தண்டு ஏற்கெனவே சரிந்திருந்தால் கணக்கெல்லாம் வீண்.

மண்டபத்துக்குள் காற்றில்லை, ஆட்கள் உண்டு

கல்யாண மண்டபத்துக்குள் தள்ளுவது மனிதர்கள்: ஓடித் திரியும் பிள்ளைகள், பின்னால் பார்க்காமல் நடக்கும் வீடியோக்காரர், ஸ்டாண்டின் காலில் மாட்டும் சேலைத் தலைப்பு. சின்ன ஃப்ளாஷுக்கு 4 கிலோ, பெரிய லைட்டுக்கு 7 கிலோ பை அளவில் போதும். மணவறைக்குப் பக்கத்தில் எரிகிற குத்துவிளக்கு இருந்தால் இன்னொரு பையும் போடுங்கள். மின்வயர் போகும் லைட் என்றால் வயரை மேலிருந்து நேரே சுவருக்கு இழுக்காமல், தண்டு வழியாகக் கீழே கொண்டுவந்து காலில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு தரையோடு டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். அப்போது யாராவது வயரில் தடக்கினாலும் இழுப்பு காலடியில் விழும், 2 மீற்றர் உயரத்தில் விழாது.

தராசால் சோதிக்கலாம்

விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் சின்னத் தொங்கு தராசு இருக்கிறதல்லவா, அதுவே போதும். வீட்டு முற்றத்தில் ஸ்டாண்டை விரித்து, லைட்டை ஏற்றி, பையைப் போடுங்கள். லைட் இருக்கும் உயரத்தில் தண்டில் ஒரு கயிற்றைக் கட்டி, தராசைக் கொழுவி, இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள வெறும் பக்கமாகக் கிடையாக இழுங்கள். பின்கால் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் தராசு காட்டும் கிலோதான் உங்கள் ஸ்டாண்ட் தாங்கும் தள்ளு. இன்னொருவர் தண்டைப் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். காட்டியது 1.7 கிலோ என்று வையுங்கள். சொஃப்ட்பொக்ஸ் 0.54 சதுர மீற்றர் என்றால் அது சதுர மீற்றருக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஏறத்தாழ 22 கிலோமீற்றர் காற்று வரை. தூசியும் கடதாசியும் தரையிலிருந்து கிளம்பிப் பறக்கத் தொடங்குவது இந்த வேகத்தில்தான். ஆகவே கடதாசி பறந்தால் உங்கள் ஸ்டாண்டுக்கு நேரம் முடிந்தது. கிடைத்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி ஸ்டாண்டிலேயே ஒட்டிவிடுங்கள்.

ஏற்றும் ஒழுங்கும் இறக்கும் ஒழுங்கும்

முதலில் கால்கள், பிறகு பை, அதன் பிறகே லைட். லைட்டைத் தாழ்ந்த நிலையில் மாட்டி இறுக்கிய பின்னர் தண்டை உயர்த்துங்கள். தடித்த குழாயை முதலிலும் மெல்லியதைக் கடைசியிலும் நீட்டினால் தண்டு குறைவாக ஆடும். இறக்கும்போது எல்லாம் தலைகீழ்: தண்டு இறங்க வேண்டும், லைட் கழல வேண்டும், பை கடைசியாகத்தான் எழும்ப வேண்டும். வேலை முடிந்த அவசரத்தில் பைகளை முதலில் காருக்கு அனுப்பிவிட்டு லைட்டை மேலேயே விட்டு வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அதிகமான விளக்குக் குழாய்கள் உடைகின்றன. வீட்டுக்கு வந்ததும் நனைந்த பைகளின் ஸிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும் பொலித்தீன் கட்டுகளை வெளியே எடுத்து, பிடித் தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் காயப் போடுங்கள்.